ஈரம் முதலில், ஜெல்லி கடைசியில்

வாசலினைத் தலைமுடிக்குத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை, முடி காய்ஞ்சுபோய்த்தான் கிடக்கு" என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது தடவினீர்கள் என்பதுதான். அநேகமாக எல்லோரும் காய்ந்த தலையில்தான் தடவியிருப்பார்கள். காலையில் அவசரமாகத் தலை வாரும்போது நுனி பறக்கிறது, டப்பாவில் ஒரு விரல் விட்டு எடுத்து வழித்துவிடுகிறார்கள். முடி படியும், பளபளக்கும். ஈரம் மட்டும் வராது. பெட்ரோலியம் ஜெல்லியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அது பானைக்குப் போடுகிற மூடி. பானை காலியாக இருந்தால் மூடி என்ன செய்யும்?

1859-ல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் எண்ணெய் வயலுக்குப் போனார். அங்கே பம்புக் கம்பிகளில் படியும் மெழுகுக் கசடைத் தொழிலாளர்கள் தீக்காயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் பூசிக்கொள்வதைப் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாசலின். அன்று காயத்தின்மேல் அது செய்த வேலையைத்தான் இன்று முடியின்மேலும் செய்கிறது. படலமாக மேலே நின்று, உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போவதைத் தாமதப்படுத்தும். முடிக்குள் இறங்காது. தேங்காய் எண்ணெய் இறங்கும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. முடியிலிருந்து புரதம் கழுவுண்டு போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது என்று அதில் கண்டார்கள். மினரல் ஆயிலும் ஜெல்லியும் ஒரே வம்சம். எனவே தேங்காய் எண்ணெய் செய்கிற வேலையை ஜெல்லியிடம் கேட்காதீர்கள். முடி வளர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நுனி உடையாமல் இருந்தால் வளர்ந்த முடி கையில் நிற்கும், அவ்வளவுதான்.

யாருக்கு இது தேவை? சுருட்டை முடிக்காரர்களுக்கு. தலையில் சுரக்கிற இயற்கை எண்ணெய் நேர்முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருளில் திரும்பித் திரும்பி ஏறி இறங்க முடியாமல் வேரடியிலேயே நின்றுவிடும். அதனால்தான் உச்சியில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருக்கின்றன. நெருக்கமான சுருள் கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் இந்த வித்தையை ரொம்பக் காலமாகச் செய்துவருகிறார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் எண்ணெய், கடைசியில் கெட்டியான பூச்சு என்பது அவர்கள் வகுத்த வரிசை. அமெரிக்காவில் கூந்தல் தைலம் விற்றே பெரும் செல்வந்தரான மேடம் சி. ஜே. வாக்கரின் (1867–1919) களிம்பிலும் ஜெல்லியும் கந்தகமும் இருந்தன. அது மண்டைக்குப் பூசுகிற மருந்து. நான் சொல்லப்போவது நுனிக்கு மட்டும்.

சுருட்டை இல்லாவிட்டாலும் கலர் அடித்து, ஸ்ட்ரெயிட்னிங் செய்து, போர்த் தண்ணீரில் குளித்துக் கரகரத்துப்போன நுனிக்கும் இது உதவும். மெல்லிய நேர்முடிக்காரர்கள் விட்டுவிடுங்கள். மூன்று நாள் தலை குளிக்காதவர் மாதிரித்தான் ஆகும். பொடுகு, தலையில் அரிப்பு, நெற்றியோரம் பரு இருப்பவர்களும் வேண்டாம்.

தொடங்கும் முன்

மருந்துக்கடையில் வாசனை சேர்க்காத வெள்ளை ஜெல்லியாக வாங்குங்கள். லேபிளில் ஐ.பி. என்ற இரண்டு எழுத்து இருந்தால் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது என்று அர்த்தம். அதே கம்பெனியின் பாடி லோஷன் வேறு சரக்கு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் முதலில் ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். பிளந்ததை எந்த ஜெல்லியும் ஒட்டவைக்காது.

முந்தின ராத்திரி நுனிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். காலையில் ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போட்டு, அது தலையில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் சிக்கு எடுத்து, மறுபடி அலசுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே ஒரு நிபந்தனை: சிக்கு இங்கேயே போய்விட வேண்டும். ஜெல்லி போட்ட பிறகு சீப்பை இழுத்தால் முடியும் கூடவே வரும்.

எவ்வளவு ஈரம்

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "ஈரத்தலையில் தடவு" என்று சொன்னால் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார்கள். முடியின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் ஜெல்லி ஒட்டாது. வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் கட்டியாக நிற்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். சரி என்று ஃபேனுக்கு அடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நுனிதான் முதலில் காய்கிறது. வேரடி இன்னும் நனைந்திருக்கும், தலை ஈரமாக இருப்பதாகத் தோன்றும், அந்த நம்பிக்கையில் காய்ந்த நுனிக்கு மூடி போட்டுவிடுவார்கள்.

ஈரத்தை நுனியில்தான் பார்க்க வேண்டும். பழைய காட்டன் டி-ஷர்ட்டாலோ மெல்லிய ஈரிழைத் துண்டாலோ முடியைப் பொதிந்து அழுத்தி எடுங்கள். முறுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், தட்டவே வேண்டாம். பின்பு ஒரு கற்றை நுனியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரித்துப் பாருங்கள். சொட்டு விழக்கூடாது. ஆனால் உள்ளங்கை சில்லென்று இருக்க வேண்டும், லேசாக நனைந்த பளபளப்பு தெரிய வேண்டும். கற்றை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறம் இன்னும் கறுத்தே இருக்கும். அதுதான் நேரம். நிறம் வெளுத்து, ஒற்றை ஒற்றையாக முடி பிரிய ஆரம்பித்துவிட்டால் தாமதமாகிவிட்டது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து நுனியை மறுபடி நனையுங்கள்.

சிலருடைய முடி தண்ணீரையே லேசில் வாங்காது. ஸ்ப்ரே அடித்தால் முத்து முத்தாக மேலேயே நிற்கும். அவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஒரு முடியைப் பிடுங்கி டம்ளர் தண்ணீரில் மிதக்கவிட்டு ஜாதகம் பார்க்கிற சோதனையை நான் நம்புவதில்லை. முடியில் எண்ணெய் இருந்தாலே அது மிதக்கும்.

எவ்வளவு ஜெல்லி

தோள்வரை உள்ள முடிக்கு ஒரு மிளகு. இடுப்புவரை அடர்த்தியாக இருந்தால் பக்கத்துக்கு ஒரு மிளகு. கொண்டைக்கடலை அளவுக்குப் போனால் அடுத்த வாரம் முழுக்க அதைக் கழுவுவதுதான் வேலை. குறைவாக எடுத்துப் போதாமல் போனால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். அதிகமாகப் போட்டதைத் திரும்ப எடுப்பது லேசில்லை.

எடுத்ததை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். வெள்ளையாகத் தெரிவது மறைந்து, கை கண்ணாடி பார்க்கலாம் போல மின்ன வேண்டும். விரல்களுக்கு இடையிலும் பரவட்டும். ஜெல்லி உடம்புச் சூட்டுக்கு மேல் கொஞ்சம் போனாலே இளகத் தொடங்கும், அதனால் இந்தத் தேய்ப்பே அதற்குப் போதும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெயே உறைகிறபோது இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

இனி முடியை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நுனியிலிருந்து ஒத்தி ஒத்தி எடுங்கள். உள்ளங்கைக்குள் நுனியைச் சுருட்டி அழுத்தி விடுவது. வழித்து இழுப்பது இல்லை. வழித்தால் முதல் பிடியிலேயே எல்லாம் ஒட்டிக்கொள்ளும், மிச்ச முடிக்கு வெறுங்கைதான் போகும். நுனியில் தொடங்கி மேலே வரவர கை காலியாகிக்கொண்டே வர வேண்டும். காது மட்டத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே ஏறவே கூடாது என்பது என் சட்டம். மண்டையில் போட்டால் வியர்வையும் தூசும் அதில் சிக்கும். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு அது நெற்றிக்கு வழிந்து பருவாகும்.

அவ்வளவுதான். தளர்வாக ஒரு பின்னல் போட்டோ, சுருளாகவே விட்டோ காயவிடுங்கள். ஹேர் டிரையர், ஸ்ட்ரெயிட்னர் பக்கம் போகாதீர்கள்.

தனி ஜெல்லி கையில் சரிவரப் பரவவில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒரு பங்கு ஜெல்லி, இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் இரண்டையும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் உட்காரவைத்துக் கலக்குங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், அது எரியக்கூடிய பொருள். ஆறியதும் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். சென்னை மே மாதத்தில் தண்ணீராகிவிடும், ஆனால் அந்த மாதத்தில் கடலோரப் புழுக்கத்தில் இது யாருக்கும் தேவைப்படாது. இதற்கான காலம் பனிக்காற்று வீசும் மார்கழி, தை; கோவை, தேனிப் பக்கம் ஆடிக் காற்று; நாள் முழுக்க ஏசியில் உட்காருகிறவர்களுக்கு எல்லா மாதமும். வாரம் ஒரு தடவை, தலை குளித்த அன்று. தினமும் போட்டால் பூச்சுமேல் பூச்சாக ஏறி, கடைசியில் தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லாமல் ஆகும்.

எடுப்பது எப்படி

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஷாம்பு போட்டால் ஜெல்லி போகாது. எத்தனை தடவை போட்டாலும் பிசுபிசுப்பு அப்படியே இருக்கும். நனைந்த முடியில் தண்ணீர் குறுக்கே நிற்கிறது, ஷாம்பு ஜெல்லியைத் தொடுவதற்குள் கரைந்து ஓடிவிடுகிறது.

வரிசையை மாற்றுங்கள். காய்ந்த முடியிலேயே, ஜெல்லி உள்ள இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பிசையுங்கள். ஜெல்லி தண்ணீரில் கரையாது, எண்ணெயோடு உடனே கலந்து இளகும். ஒரு பத்து நிமிடம் விட்டு, பழைய காட்டன் துணியால் நுனியை வழித்துத் துடைத்தால் பாதி அதிலேயே வந்துவிடும். அடுத்து, இன்னும் தண்ணீர் படாத அந்த முடியில் ஷாம்புவை நேராகப் போட்டுத் தேயுங்கள். நுரை வராது, பரவாயில்லை. எண்ணெய்ப் பசை ஷாம்புவோடு குழைந்து வெண்மையாக மாறும்போது வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சமாகக் கொஞ்சமாக ஊற்றி அலசுங்கள். இரண்டாவது தடவை வழக்கம்போல் ஷாம்பு போட்டால் நுரைக்கும். நுரைத்தால் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கண்டிஷனர் கட்டாயம், ஏனென்றால் இவ்வளவு கழுவியதில் முடி கொஞ்சம் காய்ந்திருக்கும்.

சீயக்காய் மட்டும்தான் போடுவேன் என்று சத்தியம் செய்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு அது அருமை, இதற்குப் போதாது. கடலை மாவும் அப்படியே. குளித்து முடித்ததும் பாத்ரூம் தரையில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் குளிக்கப் போகிற பாட்டி வழுக்கி விழக்கூடாது.

தீ விஷயத்தில் சமாதானம் சொல்லாதீர்கள். ஜெல்லி போன்ற பாரஃபின் களிம்பு ஊறிக் காய்ந்த துணி சட்டென்று பற்றி வேகமாக எரியும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-ல் எச்சரித்தது. தலையணை உறையிலும் துப்பட்டாவிலும் ஜெல்லி ஏறத்தான் செய்யும். பூச்சு போட்ட அன்று முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கேஸ் அடுப்பின் முன்னாலோ குத்துவிளக்கின் முன்னாலோ குனியாதீர்கள். கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். உறையை வாராவாரம் மாற்றுங்கள். பழைய பட்டுப்புடவையில் ஜரிகை இல்லாத உடல் பகுதியைக் கிழித்து உறை தைத்துக்கொண்டால் முடி உராயாது.

டப்பா விஷயம் ஒன்று பாக்கி. வெடித்த குதிகாலுக்குத் தடவுகிற டப்பாவையே தலைக்கும் எடுக்கிறார்கள். தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள். ஈர விரலை உள்ளே விடாமல் ஐஸ் குச்சியாலோ ஸ்பூன் காம்பாலோ எடுங்கள். மிளகு அளவு என்பதும் அப்போதுதான் கணக்காக வரும். விரலால் எடுத்தால் எப்போதும் கொண்டைக்கடலைதான்.