கடைசி நாட்களில் பெரியவர்களைக் கவனிப்பது எப்படி?



பிள்ளைப்பேற்றுக்கு மாதக்கணக்கில் தயாராகிறோம். வீட்டில் தீராத நோயாகக் கிடக்கும் தாய் தகப்பனாரின் கடைசி நாட்களுக்கு யாரும் தயாராவதில்லை. முடிவு நெருங்குவதைச் சில அடையாளங்களால் அறியலாம்.

அடையாளங்கள்

1. பெரும்பொழுதும் தூக்கம். கூப்பிட்டாலும் மெதுவாகத்தான் விழிப்பார்.
2. பசியும் தாகமும் குறையும். விழுங்கச் சிரமப்படுவார்.
3. சிறுநீர் குறைந்து, நிறம் அடர்ந்துவிடும்.
4. கை கால் சில்லிடும். முழங்கால், பாதத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறும்.
5. மூச்சு வேகமாகி, சற்று நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும்.

கஞ்சி புகட்டலாமா?

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், "ஒரு வாய் குடியுங்க அத்தை" என்று மருமகள் அழுதபடியே ஊட்டினாள். "தண்ணிகூடக் கொடுக்கல்லன்னு ஊரு சொல்லுமே" என்ற பயம் அவளுக்கு. கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கி, பெரியவள் திணறிப்போனாள். பாசத்தில் குறையில்லை, விவரம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிடாததால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால்தான் உடம்பு சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. அவராகக் கேட்டால் மட்டும், தலையை உயர்த்தி, கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் விடும் வழக்கமுள்ளவர்கள் வாயில் ஊற்றாமல், சுத்தமான துணியை நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும்.

செய்ய வேண்டியவை

* வாயையும் உதட்டையும் அடிக்கடி ஈரத்துணியால் துடையுங்கள்.
* 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வரும் வாய்ப்பு குறையும், தொண்டைச் சத்தமும் குறையலாம்.
* டாக்டர் கொடுத்த வலி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சொன்ன அளவில் கொடுத்தால் மார்பின் மாத்திரை உயிரைப் பறிக்காது, வலியைத்தான் தணிக்கும்.
* பேச்சு நின்றாலும் காது கேட்கக்கூடும். கட்டிலருகே சொத்துப் பேச்சு வேண்டாம். கையைப் பிடித்து, "நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

கணவன்மார்களே! ராத்திரி முழுக்க மனைவியே விழித்திருக்க வேண்டுமா? முறை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை

நன்றாக நடமாடியவர் திடீரென மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது வேறு விஷயம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உதவிக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

பெற்று வளர்த்தவர் வலியில்லாமல், பயமில்லாமல் போவது உங்கள் கையிலும் இருக்கிறது.