ஓசையின்றி விரியும் தமனிகள்

நுழையும்முன்

வலி, உடல் விடுக்கும் எச்சரிக்கை. எச்சரிக்கை ஏதுமின்றி வளரும் நோய்களும் உள்ளன. மூளைத் தமனிகளின் விரிவு அத்தகையது. உணர்ந்து அறிய இயலாத ஒன்றை அளந்தே அறியவேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூளையும் இரத்தமும்

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு மூளைக்குச் செல்கிறது. கழுத்தின் வழியே மேலேறும் நான்கு தமனிகள் அதனைக் கொண்டுசேர்க்கின்றன. அவை மூளையின் அடியில் வளையமாக இணைவதை இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவ்வளையம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

விரிவின் காரணம்

தமனிச் சுவரில் மீள்தன்மை கொண்ட படலம் உள்ளது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சிலருக்கு மரபுவழிக் குறைபாடு ஆகியவற்றால் அப்படலம் நலிகிறது. குழாயின் ஆரம் கூடினால், அழுத்தம் மாறாதபோதும் சுவர் தாங்கும் இழுவிசை கூடும் என்பது இயற்பியல் விதி. எனவே, ஒரு விரிவு அடுத்த விரிவுக்கு வழிவகுக்கிறது.

இருவகைத் தீங்கு

மூளைத்தண்டின் முன்புறம் மேலேறும் தமனியின் விட்டம் வழக்கமாக 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும். அது 4.5 மில்லிமீட்டரை மிஞ்சினால் மருத்துவர்கள் விரிவாகக் கருதுவர். குழாயின் விட்டம் இருமடங்கானால், அதே அளவு இரத்தம் நான்கில் ஒரு பங்கு வேகத்திலேயே ஓடும். தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி சிறு தமனியை அடைத்தால் பக்கவாதம் நேரும்.

சிலருக்குத் தமனியின் ஓரிடம் மட்டும் குமிழ்போல் புடைக்கிறது. வளர்ந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இத்தகைய புடைப்பு உண்டு. பெரும்பாலானவை வெடிப்பதில்லை. வெடித்தாலோ, முன்பு கண்டிராத கடுந்தலைவலி நொடிப்பொழுதில் தாக்கும். உயிருக்கே கேடு நேரலாம்.

காக்கும் வழி

காந்த ஒத்ததிர்வுப் படம் இவ்விரிவைக் காட்டும். அனைவருக்கும் அப்படம் தேவையில்லை. ஆனால், இரத்த அழுத்தத்தை அளந்து கட்டுக்குள் வைத்தலும் புகையைத் தவிர்த்தலும் அனைவருக்கும் இயலும். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியன திடீரெனத் தோன்றினால், சற்று நேரத்தில் மறைந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நோய் பேசாதபோது அளவுகோல் பேசும். அதற்குச் செவிசாய்ப்பதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

உம் வீட்டுப் பெரியோர் இறுதியாக இரத்த அழுத்தத்தை அளந்த நாளைக் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக.