படகில் குடியேற வரும் தங்கச்சிக்கு

நீயும் உன் வீட்டுக்காரரும் லங்காவியில் 34 அடி பாய்மரப் படகை வாங்கிவிட்டீர்கள், அடுத்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று அம்மா சொன்னதும், "அவளிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கா?" என்றுதான் கேட்டேன். அம்மா போனை வைத்துவிட்டாள். புயல், சுறா பற்றியெல்லாம் நீ வீடியோ பார்த்துத் தயாராகியிருப்பாய். நான் படகில் வாழ்ந்த இந்த ஆறு வருஷத்தில் என்னை அழ வைத்தது புயல் இல்லை. இமிகிரேஷன் கவுன்டர், ஈர மெத்தை, பேங்க் ஓடிபி. அந்த மூன்றுக்கும் தயாராகி வா, மற்றதை வந்து கற்றுக்கொள்ளலாம்.

முதலில் காகிதம். படகுக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. படகு எத்தனை நாள் இங்கே நிற்கலாம் என்பது தனி. நீ எத்தனை நாள் நிற்கலாம் என்பது தனி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாமல் விடுகிறார்கள். டிக்கெட் போடும் முன் அந்த விதி அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள். டிஜிட்டல் வருகை அட்டையை வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். எனக்கு அத்தான் மலேசியர் என்பதால் மனைவி விசா இருக்கிறது. என்னைப் பார்த்து நீ கணக்குப் போடாதே. 30 நாள் முடிவதற்குள் தாய்லாந்துப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பலாம்தான், ஆனால் மூன்றாவது தடவை வரும்போது முத்திரை குத்துகிற அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். அவர் விருப்பம்தான் சட்டம். திரும்பும் டிக்கெட் எங்கே என்று சென்னையிலேயே விமானக் கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். படகின் பதிவுச் சான்றிதழையும் வாங்கிய ரசீதையும் கைப்பையில் வை. பெட்டிக்குள் போட்டுவிட்டு அங்கே நின்று விழிக்காதே.

படகை எடுத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போகும்போதும் திரும்பும்போதும் இமிகிரேஷன், சுங்கம், 'ஜபத்தான் லாவுத்' என்கிற கடல்துறை என்று மூன்று இடமும் ஏறி இறங்க வேண்டும். படகின் பெயர், பதிவு எண் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொள். படகில் இருப்பவர்களின் பட்டியலைப் பத்துப் பிரதி எடுத்து, அந்த ஸ்டாம்பைக் குத்தி வைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. படிவத்தில் 'கப்பால்' என்று இருக்கும். நம்ம கப்பல்தான் அது. தெருவில் 'கெடாய்' என்று பார்ப்பாய், அது நம்ம கடை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நினைத்துப் போகாதே, லங்காவி இருக்கிற கெடா மாநிலத்தில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை.

ஓடிபி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் முதல் வருஷம் என் பணம் என் கணக்கிலேயே இருக்க, மூன்று வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். இந்திய சிம்மின் ரீசார்ஜ் முடிந்துவிட்டது, குறுஞ்செய்தி வரவில்லை, பேங்கில் நேரில் வாருங்கள் என்றார்கள். ஊரிலேயே ரோமிங்கை ஆன் செய்து, ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் செய்து, அந்த சிம்மை ஒரு பழைய போனில் போட்டு வா. வெளிநாட்டில் தொடர்ந்து இருக்கப்போகிறாய் என்றால் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் கிளம்பும் முன்பே பேச வேண்டும்.

இனி ஈரம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். தூத்துக்குடியில் அதே மாதங்களில் கச்சான் வறட்டுக் காற்றாகப் புழுதியை வாரி அடிக்கும். இங்கே அது மழையோடு வரும். விடியற்காலையில் மேற்கிலிருந்து திடீரென்று ஒரு அடி அடிக்கும், இங்கே அதற்கு 'சுமத்ரா' என்றே பெயர். எங்கள் முதல் மாதத்தில், புழுக்கமாக இருக்கிறதே என்று அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், மேல் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம். நாலு மணிக்கு முகத்தில் வாளித் தண்ணீர். மழைத் தண்ணீர் என்றால் வெயிலில் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்ட மெத்தை காயவே காயாது, உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் உண்டு. கடலில் குளித்த ஈரத்தோடு படுக்கையில் உட்காராதே என்று நான் கத்துவேன், காரணம் இதுதான். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடம் விடு. பூஞ்சை பிடித்த இடத்தை வினிகர் தொட்ட துணியால் துடை.

தண்ணீர்ச் சிக்கனம் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்றவர்கள்தானே நாம். உங்கள் டாங்க் 250 லிட்டர் என்றார் அத்தான். இரண்டு பேருக்கு நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு நாள் ஓடும்.

சமையலறைக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்தால் போச்சு. படகோ கிண்ணம் மாதிரி, கசிவது அத்தனையும் அடியில் போய்த் தங்கும். அப்புறம் ஒரு பொறி போதும். சமையல் முடிந்ததும் அடுப்பின் திருகை மூடாதே. முதலில் சிலிண்டர் வால்வை மூடு, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தானாக அணையட்டும், பிறகு அடுப்பை மூடு. வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறந்தால் நான் பொறுக்கமாட்டேன்.

இட்லி முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. 750 வாட் மிக்ஸி இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 70 ஆம்பியர் இழுக்கும். ராத்திரி அதை ஓட்டினால் விளக்கு மங்கி, அத்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார். உச்சி வெயிலில் சோலார் தகடு முழு மூச்சில் இருக்கும்போது, விட்டு விட்டு அரை. ஐஸ் தண்ணீர் ஊற்று, மாவு சூடாகாது. ஓய்ந்து நிற்கிற பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் பாதி காலி என்று அர்த்தம். ஈய பேட்டரியை அதற்குக் கீழே இறக்காதே. இந்தச் சூட்டில் மாவு ஐந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடும். பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதே, பாத்திரத்தை வாஷ்பேசினுக்குள் வை. பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனாலே எல்லாம் ஆடும். நான் ஒருமுறை மாவைத் தரைப்பலகையின் இடுக்கிலிருந்து ஸ்பூனால் சுரண்டினேன். ஒரு வாரம் படகு முழுக்கக் கள் வாசனை.

அட்டைப் பெட்டி எதையும் உள்ளே ஏற்றாதே. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். சாமானைக் கரையிலேயே பிரித்துத் துணிப்பையில் போட்டுக் கொண்டு வா.

நங்கூரம் போடுவதை அத்தான் மாப்பிள்ளைக்குக் காட்டுவார், ஆனால் கணக்கு உனக்கும் தெரிய வேண்டும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டி இங்கே கடல் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் 5 மீட்டர் ஆழம் என்றால், ஏற்றத்துக்கு 3, தண்ணீரிலிருந்து அணியம் வரை 1, ஆக 9. அதை ஐந்தால் பெருக்கு, 45 மீட்டர் சங்கிலி. ரப்பர் டிங்கியை ஜெட்டியில் கட்டும்போதும் கயிற்றை நீளமாக விடு, இல்லாவிட்டால் சாமானோடு திரும்பும்போது அது அந்தரத்தில் தொங்கும்.

தனிமை வரும், குறிப்பாக மழைக்காலத்தில். அப்போது படகில் உட்கார்ந்து சுவரைப் பார்க்காமல் குவா டவுனுக்கு வா. 'மாமாக்' என்கிற தமிழ் முஸ்லிம் கடையில் 'தே தாரிக்' டீ சொல்; தமிழில் பேச ஒருவராவது இருப்பார். அம்மாவிடம் மட்டும் "போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன்" என்று சொல்லாதே. காற்று நின்றுவிட்டால் அரை நாள் தள்ளிப்போகும், அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். புதன்கிழமை போய்ச் சேருவாய் என்றால் வியாழன் ராத்திரி பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், வைக்க இடமில்லை. மடித்துச் செருகும் துணிப்பையில் கொண்டு வா. அரிசி, உளுந்து இங்கே எல்லாம் கிடைக்கும். குக்கருக்கு கேஸ்கெட் மட்டும் நாலு வாங்கி வா, உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. என்னுடையது ஐந்து லிட்டர். அளவு அம்மாவுக்குத் தெரியும்.