வறட்சியில் மேய்ச்சலுக்கு ஓட்டும் முன்

ஆடு மாடு வளர்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஆகாத செடியை மாடே முகர்ந்து ஒதுக்கிவிடும். கொழுக்கட்டைப் புல் கருகிவிட்டால், பசி அந்தப் பழக்கத்தை மறக்கடித்துவிடும். அப்போது பார்த்து மேய்க்க வேண்டியது நாம்தான்.

1. வெறும் வயிற்றோடு அவிழ்த்து விடாதீர்கள். கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டு போட்டு, தண்ணீர் காட்டிவிட்டு ஓட்டுங்கள். அரை வயிறு நிறைந்த மாடுதான் நிதானமாக மேயும்.

2. இளஞ்சோளத்தில் வாய்வைக்க விடாதீர்கள். மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த தாளில் மழைக்குப் பின் விடும் துளிரிலும் சயனைடு நஞ்சு அதிகம். மூச்சிரைக்கும், வயிறு உப்பும், காலை உதைத்து விழும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வேலி தாண்டிய கிடாரி ஒன்றை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். பூத்தபின் அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

3. மரவள்ளியின் இலையிலும் கிழங்குத் தோலிலும் இதே நஞ்சுதான். பச்சையாகப் போடவே வேண்டாம்.

4. அரளி ஓரம் ஓட்டாதீர்கள். நெடுஞ்சாலை நடுவே வளர்க்கும் அரளியைக் கழித்துப் போட்டிருப்பார்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. சில இலைகளே இதயத்தை நிறுத்திவிடும்.

5. உன்னிச்செடி ஈரலைக் கெடுக்கும். கண் மஞ்சளாகி, வெயில் பட்ட தோல் வெடித்து உரியும். அப்படிக் கண்டால் உடனே நிழலில் கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. குளம் வற்றினாலும் நெய்வேலிக் காட்டாமணக்கு பச்சையாக நிற்கும். வெள்ளாடு ருசி கண்டுவிட்டால் அதையே தேடிப் போகும். நாள்பட்டால் தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும். பழகுவதற்குள் மேய்ச்சலை மாற்றுங்கள்.

7. மாடு விழுந்தால் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள், வரும் மருத்துவரிடம் கடித்த செடியில் ஒரு கொத்தைக் காட்டுங்கள். சோள நஞ்சுக்கு நரம்பில் ஏற்றும் மாற்று மருந்து உண்டு. ஆனால் மருத்துவர் வந்து சேரும்வரை மாடு தாங்க வேண்டுமே!

ஆகவே, கோடை முழுக்க ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்யுங்கள். புதிய இடத்துக்கு ஓட்டும் முன், அந்த நிலத்தை வேலி ஓரம்வரை நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள்.