நாய்க்குத் தின்பண்டம்: கடினமா, மிருதுவா?

கடையில் மொறுமொறு பிஸ்கட்டும் இருக்கிறது, பிய்த்துப் போடும் சிக்கன் துண்டும் இருக்கிறது. எதை எடுப்பது?

1. முதலில் நாயின் வாயைப் பாருங்கள். ஆடும் பல்லோ சிவந்த ஈறோ இருந்தால் மிருதுவானதுதான் சரி. வலி கண்டால் சோற்றையும் ஒதுக்கிவிடும். 4 முதல் 6 மாதக் குட்டிக்கும் இதேதான், பால் பற்கள் விழும் பருவம் அது.

2. வெகுநேரம் கடித்துக்கொண்டிருக்கும் பண்டம் என்றால், கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் வாங்காதீர்கள். மாட்டுக் கொம்பு, குளம்பு எல்லாம் இந்த ரகம். மேல் கடைவாய்ப்பல்லே பிளந்துவிடும். வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், ஊசி ஊசியாகச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

3. ‘உட்கார்’, ‘வா’ பழக்கும்போது மிருதுவானதைப் பட்டாணி அளவில் கிள்ளிக் கொடுங்கள். பிஸ்கட் என்றால் தரையில் சிந்திய தூளை நக்கி முடிப்பதற்குள் சொன்னது மறந்துபோகும்.

4. கிழட்டு நாய்க்கு பிஸ்கட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.

5. பிரித்த மிருது பாக்கெட்டை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

6. எதுவானாலும் லேபிளில் சைலிட்டால் இருந்தால் தொடாதீர்கள். அது நாய்க்கு விஷம்.