அடுப்பறிந்து விறகு இடுக: கிராஞ்சி கற்பிக்கும் பாடம்

விறகு என்றால் எல்லாம் ஒன்றே. எரிந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. ஒரே அளவு சோற்றை ஒரு வீட்டில் நான்கு கட்டைகளில் வடித்துவிடுகின்றனர். அடுத்த வீட்டில் ஒரு கட்டு விறகு எரிந்தும் உலை கொதிப்பதில்லை. கண்ணெரிச்சலும் இருமலுமே மிஞ்சுகின்றன. வேறுபாடு பெரும்பாலும் அடுப்பில் இல்லை, விறகில் இருக்கின்றது. விறகைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள கிராஞ்சியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கிராஞ்சியும் கொதிகலன்களும்

கிராஞ்சி என்னும் பெயர் ஒரு மரத்தின் பெயராகும். மலாய் மொழியில் 'கெராஞ்சி' எனப்படும் அம்மரம் புளியமரத்தின் உறவினது. கறுத்த மெல்லிய ஓட்டினுள் புளிப்பும் இனிப்பும் கலந்த சதை கொண்ட கனிகளைத் தருவது. வைரம் பாய்ந்த கட்டை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்து ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் இட்டுப் பல மணி நேரம் காய்ச்சி, அச்சாற்றை இறுகச் செய்து கட்டிகளாக வெட்டினர். தோல் பதனிடுவதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் அது ஏற்றுமதியாயிற்று. வெற்றிலையோடு மெல்லும் பொருளாகவும் பயன்பட்டது.

அக்கொப்பரைகளை எரித்தது காட்டு விறகே. ஒரு காம்பியர்த் தோட்டத்திற்கு, அதன் பரப்பிற்கு ஏறத்தாழ ஈடான காடு விறகுக்கென வேண்டியிருந்தது என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். மண்ணும் சத்திழந்து, விறகும் தீர்ந்த பின்னர், பயிரிட்டோர் நிலத்தைக் கைவிட்டு வேறிடம் தேடினர். பலர் நீரிணையைக் கடந்து ஜொகூர் சென்றனர். 1883ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியல் காண்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக அமைந்த காப்புக் காடுகளுள் கிராஞ்சியும் ஒன்று. விறகைக் கணக்கின்றி எரிப்போர் அடுப்பை மட்டுமன்று, வாழும் இடத்தையே இழக்க நேரும் என்பது கிராஞ்சியின் முதற்பாடம்.

விறகில் ஒளிந்துள்ள நீர்

இப்பொழுதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். காற்றில் நன்கு உலர்ந்த விறகில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு நீரே எஞ்சும். பச்சை விறகை அடுப்பில் வைக்கும்பொழுது, தீ முதலில் அந்நீரை ஆவியாக்கவே உழைக்கின்றது. அந்த ஆவி தீயின் வெம்மையைத் தணிக்கின்றது. தீ தணிந்தால், மரத்திலிருந்து எழும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. ஆகவே, புகை என்பது எரியாமல் வீணான விறகே ஆகும்.

இதனைக் கணக்கால் காண்போம். நூற்றுக்கு 20 பங்கு நீர் கொண்ட ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 14 மெகாஜூல் வெப்பம் தரும். நூற்றுக்கு 50 பங்கு நீர் கொண்ட ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 8 மெகாஜூல் மட்டுமே தரும். இப்பொழுது, வீட்டுச் செப்புப் பாய்லரில் குளிப்பதற்கென 20 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்றுவதாகக் கொள்வோம். இதற்குத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 1.4 மெகாஜூல். விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நீரைச் சேர்கின்றது எனக் கொண்டால், 7 மெகாஜூல் தரும் விறகை எரித்தாக வேண்டும். உலர்ந்த விறகாயின் அரைக் கிலோ போதும். பச்சை விறகாயின் ஏறத்தாழ 900 கிராம் வேண்டும். உண்மையில் இன்னும் அதிகமே ஆகும். ஏனெனில், ஈர விறகின் தணிந்த தீ பாய்லரில் கரி படியச் செய்யும். கரி படிந்த செம்பு வெப்பத்தை எளிதில் ஏற்பதில்லை.

கன மரமும் இலேசு மரமும்

ஒரே அளவு உலர்ந்திருப்பின், எந்த மரமாயினும் ஒரு கிலோ விறகு ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம் தரும். ஆனால், கட்டளவில் பார்க்குங்கால் பெரும் வேறுபாடு உண்டு. சதுப்புநிலத்துப் பாக்காவ் மரம், அதாவது பிச்சாவரத்தில் சுரபுன்னை எனப்படும் இனம், ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 900 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளது. கித்தா மரம் என்று நம் முதியோர் கூறும் ரப்பர் மரம் ஏறத்தாழ 600 கிலோ. விரைந்து வளரும் பத்தாய் மரம் ஏறத்தாழ 300 கிலோவே. ஆகவே, பத்தாய் விறகை மூன்று கட்டுக்கு மேல் எரித்தாலன்றி, ஒரு கட்டு பாக்காவ் விறகின் வெப்பம் கிடைக்காது. விறகைக் கட்டுக் கணக்கில் வாங்குவோர் கன மரத்தைக் கேட்டு வாங்குக. எடைக் கணக்கில் வாங்குவோர் உலர்ந்ததைக் கேட்டு வாங்குக. இல்லையேல் நீருக்கு விலை கொடுத்தவராவீர்.

எவ்வேலைக்கு எவ்விறகு?

தீ மூட்டுவதற்கு: இலேசு மரச் சுள்ளிகளும் தென்னம்பாளையும் சிரட்டையும் ஏற்றவை. இவை விரைவில் பற்றும், விரைவில் அணையும்.

நெடுநேரம் கொதிக்க வேண்டிய உலைக்கும் பாய்லருக்கும்: சவுக்கு, புளி, ரப்பர் முதலியவற்றின் உலர்ந்த கட்டைகள் நன்று. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து சிறிது சிறிதாக இடுதல் வேண்டும். வாய் நிறையத் திணித்தால் காற்றுப் புகாமல் புகையே மிகும்.

ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீட்டுக்கு: இங்கு மட்டும் புகை வேண்டப்படுகின்றது. புகையிலுள்ள பொருள்கள் தாளில் பூஞ்சை பிடிக்காமல் காக்கின்றன. ரப்பர் விறகே இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. புகைவீட்டிற்கு ஏற்ற விறகே சமையலறைக்கும் ஏற்றது என்று எண்ணிவிடல் ஆகாது.

மட்பாண்டச் சூளைக்கு: நீண்ட சுடர் வேண்டும். சிங்கப்பூரின் ஜாலான் பஹார் பகுதியில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தோ குவாங் நீள்சூளை விறகால் எரிவதாகும்.

கரியடுப்புக்கு: பாக்காவ் கரி புகையின்றிச் சீராகக் கனலும். எனினும், கரி எரியும்பொழுது எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. மூடிய அறையில் உயிரைக் குடிக்கும். கரியடுப்பைக் கதவடைத்த அறையில் ஒருபோதும் வைத்தல் கூடாது.

எரிக்கத் தகாதவை

கிராஞ்சியை அடுத்த சுங்கை காடுட் மரத்தொழிலுக்குப் பெயர் பெற்ற வட்டாரம். மரத்தொழில் நடக்கும் இடங்களில் கழிவுப் பலகை மலிவாகக் கிடைக்கும். சீவாத, பூசாத, மருந்தேற்றாத மரத்துண்டாயின் எரிக்கலாம். ஆனால், வண்ணம் பூசியது, ஒட்டுப்பலகை, கறையான் தாக்காதிருக்க மருந்தேற்றியது ஆகியவற்றை அடுப்பில் இடுதல் தீது. மருந்தேற்றிய மரங்கள் சிலவற்றில் ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது புகையிலும் சாம்பலிலும் தங்கும். அச்சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் கீரைப் பாத்திக்கு இடவும் பயன்படுத்தினால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

சில மரங்கள் இயல்பாகவே ஆகாதவை. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரம் கிராஞ்சியை ஒட்டிய சதுப்புநிலத்திலும் வளர்கின்றது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய்க்காரர் அதனை 'பூத்தா பூத்தா' என்பர். 'பூத்தா' என்றால் குருடு. அதன் புகையும் கண்ணுக்குத் தீங்கானது. அரளியும் ரெங்காஸ் மரமும் இவ்வாறே விலக்கத்தக்கவை.

2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருப்போர் தாய்மாரும் அவர்தம் மடியிலுள்ள குழந்தைகளுமே. ஆகவே, விறகைத் தேர்வது வெறும் சிக்கனம் மட்டுமன்று, நலவாழ்வுக் கடமையுமாகும்.

உலர்த்தும் முறை

மரத்தை வெட்டியவுடனே பிளத்தல் வேண்டும். பட்டை நீரைப் பிடித்து வைக்கும். பிளந்த கட்டைகளை மண்ணில் போடாது, இரு குறுக்குக் கட்டைகளின்மேல் இடைவெளி விட்டு அடுக்குக. மேலே தகரம் வேய்ந்து, பக்கங்களைத் திறந்துவிடுக. தார்ப்பாயால் நாற்புறமும் மூடினால் விறகு புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் விறகை நெடுநாள் சேமித்தல் ஆகாது. வண்டு துளைத்து மாவாக்கிவிடும். உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புக் காணும். இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். பச்சை விறகு மந்தமாக ஒலிக்கும்.

வெட்டுவதிலும் ஒழுங்கு

பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. அங்கு 1902ஆம் ஆண்டு முதல் திட்டமிட்டு மரம் வெட்டி வருகின்றனர். ஒரு பகுதியை வெட்டினால், அப்பகுதியை மீண்டும் முழுதாக வெட்ட 30 ஆண்டுகள் காத்திருப்பர். கோலா சபெத்தாங்கில் அக்கட்டைகள் கரியாகின்றன. நூறாண்டு கடந்தும் காடு நிற்கின்றது; தொழிலும் நிற்கின்றது.

கிராஞ்சியின் கதை வேறு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட கிராஞ்சிச் சதுப்புநிலம் பின்னர் அத்தகுதியை இழந்தது. ஆற்று முகத்துவாரத்தில் அணை கட்டப்பட்டு 1975ஆம் ஆண்டில் அது நீர்த்தேக்கமாயிற்று. நாட்டிற்குக் குடிநீர் தேவைப்பட்டது உண்மையே. அருகிலுள்ள சுங்கை பூலோ 1993ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டில் காப்பிடமாயிற்று. இன்று அங்கு மரத்தை வெட்டுவது குற்றம், காண்பதற்கே செல்கின்றோம். ஒரு காலத்தில் தீரா விறகுக்காடு எனக் கருதப்பட்டது, இன்று வேலியிட்டுக் காக்கும் சிறு பகுதியாகிவிட்டது.

பயிற்சி

1. ஒரு விறகுத் துண்டை இன்று நிறுத்து எடையைக் குறித்து வைக்கவும். நன்கு உலர்ந்தபின் மீண்டும் நிறுக்கவும். 1,000 கிராம் 650 கிராமாயின், எத்தனை கிராம் நீர் வெளியேறியது?

2. உங்கள் வீட்டில் ஒரு வாரத்திற்கு எத்தனை கிலோ விறகு எரிகின்றது? உலர்ந்த விறகால் அதில் எவ்வளவு குறைக்கலாம்?

3. உங்கள் விறகு எந்த மரத்தினது? எங்கிருந்து வந்தது? அது வெட்டப்பட்ட இடத்தில் மீண்டும் நடப்பட்டதா?

மூன்றாம் வினாவிற்கு விடை தெரியாதோர், விறகு கொணர்பவரை அடுத்த முறை கேட்டறிவாராக.