ஊருக்குப் போகிறீர்களா? கோழிகளை யார் பார்ப்பது?

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போவதென்றால், கோழிகளைப் பக்கத்து வீட்டுக் கோழிகளோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள்; வெள்ளைக்கழிச்சல் அப்படித்தான் பரவும். பார்த்துக்கொள்பவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும். காலையில் திறந்துவிடுவதைவிட, பொழுது சாய்ந்ததும் அடைப்பதுதான் முக்கியம். தலையை எண்ணி, கூண்டுக் கொக்கியை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே அவர் கிளம்ப வேண்டும். மரநாய்க்கு ஒரு ராத்திரி மறதி போதும்.

ஒரு கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீவனம், கால் லிட்டர் தண்ணீர். கோடையில் தண்ணீர் இருமடங்குகூட ஆகும். இரண்டு பாத்திரங்களில், நிழலில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்.

அடைக்கோழி இருந்தால், அதன் முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். கோடில்லாத முட்டைகளை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.